காணாமல் போன சூடு

எண்ணெய் இல்லாத ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள் என்று சொன்னால் நான் குடித்துவிட்டுப் பேசுகிறேன் என்கிறார்கள். நான் குடிப்பதில்லை. கிணறு சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருந்தது. வாத்துப் பண்ணைக்கும் கீரைத் தோட்டத்துக்கும் நடுவே முள்கம்பி வேலி போட்டு முந்நூறு அடி இறக்கினார்கள். ஒரு சொட்டு எண்ணெய் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் தோண்டினார்கள்.

கம்பெனியின் நிஜக் கிணறுகள் போர்னியோவில் இருந்தன. அங்கே எண்ணெய் தார் மாதிரி கெட்டி. மேலே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. பாய்லரில் நீராவி போட்டுக் குழாய் வழியாகக் கீழே அனுப்பினால் எண்ணெய் இளகி மேலே வரும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நல்ல கண்டுபிடிப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீராவி போகிற வழியிலேயே ஆறிப்போனது. மேலே நீராவியாகப் புறப்பட்டது, கீழே வெந்நீராகப் போய்ச் சேர்ந்தது. வெந்நீரில் குளிக்கலாம், எண்ணெய் எடுக்க முடியாது.

இதைச் சரிசெய்ய போர்னியோவுக்குப் போயிருக்கலாம். அங்கே கொசு அதிகம். அதனால் சிங்கப்பூரிலேயே ஒரு வெறுங்கிணறு தோண்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பாய்லரும், பாய்லருக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கட்டி, அந்த அறைக்குள் ஒரு கமிட்டியை உட்கார வைத்தார்கள். வெப்ப இழப்புத் தடுப்புக் கமிட்டி. இது அறுபத்தேழாம் வருடம்.

என் பெயர் மருதப்பன். படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. என் வேலை குழாய்க்குச் சட்டை போடுவது. ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் கம்பி வலை கட்டி, குழைத்த பூச்சை விரல் கனத்துக்குப் பூசி, காய்ந்ததும் கான்வாஸ் துணி ஒட்ட வேண்டும். துரைமார் இதை லாகிங் என்பார்கள். இருபத்தாறு வருடம் செய்தேன். வேலை சரியா என்று பார்க்க எனக்குக் கருவி வேண்டாம். புறங்கையை வைப்பேன். உள்ளே நானூறு டிகிரி ஓடும்போது மேலே பூனை படுத்துத் தூங்க வேண்டும். அதுதான் கணக்கு. சுவா சூ காங் குழாயில் இரண்டு பூனைகள் தூங்கின.

அந்த மாதம் எனக்கு ஒரு கவலைதான். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பின்சந்தில், பலகை அடித்துத் தடுத்த ஓர் அறையில் நானும் பூவம்மாவும் இருந்தோம். மழை வந்தால் அவள் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை நின்றுகொண்டிருப்பாள். பதினோரு வருடமாக நிற்கிறாள். தோ பாயோவில் புது அடுக்கு வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். வந்துவிட்டது. வேலை செய்கிற இடத்திலிருந்து இருபத்தெட்டாம் தேதிக்குள் நற்சான்றுக் கடிதம் கொண்டுவந்து சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

நான் கடிதம் கேட்டுப் போன அன்றுதான் சூடு காணாமல் போனது.

கமிட்டித் தலைவர் பார்லோ துரை. நல்ல மனிதர், காது மட்டும் கேட்காது என்று முதலில் நினைத்தேன். காது நன்றாகவே கேட்கும் என்று பிறகு தெரிந்தது. செயலாளர் தனசேகரன். நம் ஆள்தான். துரை பேசுவதைத் தமிழாக்கி எங்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. சொல்வதோடு நிறுத்தமாட்டார், நோட்டீஸ் பலகையில் ஒட்டியும் விடுவார். அன்று எங்கள் எல்லாரையும் கிணற்றைச் சுற்றி நிற்க வைத்தார்கள். தனசேகரன் ஒரு பெட்டிமேல் ஏறினார்.

"தொழிலாள நண்பர்களே! பாய்லரில் நானூற்றைம்பது டிகிரியாகப் புறப்பட்ட வெப்பம் கிணற்றின் அடியில் இருநூற்றுப் பத்து டிகிரியாக வந்து சேர்ந்துள்ளது. இருநூற்று நாற்பது டிகிரி வழியில் மறைந்துவிட்டது. வெப்பம் என்ற நற்றமிழ்ச் சொல் உங்களுக்கு விளங்காது என்பதால், எளியோர் பொருட்டு அதைச் சூடு என்று கீழே இறக்கியிருக்கிறேன். இனி எல்லா ஆவணங்களிலும் சூடு என்றே இருக்கும். இந்த எளிமைக்கு நீங்கள் நன்றி கூற வேண்டியதில்லை."

யாரும் கூறவில்லை.

பிறகு கம்பெனி விதியைப் படித்தார். கம்பெனிப் பொருள் எது காணாமல் போனாலும், அதைக் கடைசியாகக் கையாண்டவர் பதினான்காம் நமூனா என்கிற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பொருள் திரும்பக் கிடைக்கும்வரை அவருக்கு எந்தச் சான்றிதழும் தரக்கூடாது.

"சூட்டைக் கடைசியாகக் கையாண்டவர் யார்?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழாயைத் தொடுகிறவன் நான்தானே.

ஸ்டோர்காரர் ஒலி முகம்மது எனக்கு இருபது வருடப் பழக்கம். விதி எழுதிய புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே மனிதர். மற்றவர்கள் விதியைச் சொல்வார்கள், அவர் படித்திருந்தார். நமூனாவை எடுத்து மேசையில் விரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பொருளோட பேரு... சூடு. எழுதியாச்சு. என்ன நிறம் அண்ணே?"

"நிறமா? பாய், என்னைய வெறுப்பேத்தாதீங்க."

"நான் கேக்கல, நமூனா கேக்குது. வெறுமையா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க லா."

"செவப்புன்னு போடுங்க."

"எத்தனை?"

"இருநூத்தி நாப்பது."

"டஜன் கணக்குல கேக்குறாங்க." விரல்விட்டு எண்ணினார். "இருவது டஜன். சரியா வந்துருச்சு, மிச்சம் இல்ல. கடைசியா எப்போ பாத்தீங்க?"

"சூட்டை யாரு பாய் பாத்தா?"

"'பார்த்தவர் இல்லை'ன்னு போடுறேன். ஒம்பதாம் கட்டத்துல போலீஸ் புகார் நம்பர் வேணும். அது இல்லாம நான் சாப்பா குத்த முடியாது." ரப்பர் முத்திரையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சிரிக்காம போயிட்டு வாங்க அண்ணே. வீடு விசயம்."

தனசேகரன் போலீசுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தமிழில். அதை வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். மேசையில் நம் ஆள், கோவிந்தசாமி என்று சட்டையில் பெயர். சீட்டைப் படித்தார். எழுந்து நின்றார். இன்னொரு முறை படித்தார்.

"எங்க நடந்துச்சு சூடு?"

"சுவா சூ காங்குலங்க. கம்பெனி வளவுக்குள்ள."

"எத்தனை சூடு?"

"இருநூத்தி நாப்பதுங்க."

அவர் கை தொலைபேசிக்குப் போனது. "யாரு சுட்டது?"

"யாரும் சுடலீங்க. சுட வேண்டியது சுடவே இல்ல. அதுக்குத்தான் புகார் குடுக்க வந்திருக்கேன்."

"செத்தது எத்தனை பேரு பெரியவரே, அதச் சொல்லுங்க மொதல்ல!"

"இதுவரைக்கும் இல்லீங்க. இப்படியே போனா நான் ஒருத்தன் சாவேன்."

இரண்டு லாரி நிறையப் போலீஸ்காரர்கள் வந்து வேலியைச் சுற்றி நின்றார்கள். வாத்துப் பண்ணைச் சீனர் வாத்துகளை விட்டுவிட்டு ஓடினார். குழாயில் தூங்கிய இரண்டு பூனைகளும் அன்றே ஊரைவிட்டுப் போயின. விவரம் தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். என்னைத்தான். சீட்டு எழுதியவரோடு கைகுலுக்கினார். புகார் நம்பர் மட்டும் கிடைத்தது.

தேதி பதினான்கு.

சூடு திருட்டுப் போயிருக்கலாம் என்று போலீஸ் வந்த பிறகுதான் கமிட்டிக்குத் தோன்றியது. நான்கு மணி நேரம் கூடிப் பேசி, வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதிக்கச் சொன்னார்கள். வாசல் காவல்கார ஜாகா கையில் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். முதல் நாளே பிடித்துவிட்டார். குழாய் பொருத்துகிற காதர் மைதீன். பாவம், மூன்று நாளாகக் காய்ச்சல். விடுப்பு கொடுக்கவில்லை என்று வேலைக்கு வந்திருந்தார். நூற்றிரண்டு காட்டியது.

"மனிதனுக்கு உரியது தொண்ணூற்றெட்டு. மீதி நான்கு டிகிரி யாருடையது?" என்று தனசேகரன் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? ராத்திரியெல்லாம் குளிருதுங்க எனக்கு!"

"எழுதிக்கொள்ளுங்கள். குளிர்வதாக நடிக்கிறார்."

நான்கு டிகிரி மீட்கப்பட்டது, பாக்கி இருநூற்று முப்பத்தாறு என்று பலகையில் ஒட்டினார்கள். காதர் மைதீன் கஷாயம் குடித்து மூன்று நாளில் தேறினார். மீட்ட நான்கும் மறுபடி காணோம் என்று திருத்தி ஒட்டினார்கள். அதற்குத் தனியாக ஒரு பதினான்காம் நமூனா. அதையும் நான்தான் நிரப்பினேன்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் என் கையை நம்புவேன். பாய்லரிலிருந்து கிணற்று வாய்வரை நானூறு அடிக் குழாயில் ஒவ்வோர் அடியாகப் புறங்கையை வைத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்குள் இறங்குவது குழாய்க்குள் குழாய். இரண்டுக்கும் நடுவே காற்று மட்டும் நிற்க வேண்டும், தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி. அங்கே தண்ணீர் இறங்கி நின்றால் சூட்டைக் குடித்துவிடும். ஈயக் குண்டில் நூல் கட்டி இறக்கிப் பார்த்தேன். காய்ந்தே வந்தது. எல்லாம் சரி. பிறகு எங்கே போகிறது? வீட்டில் சோறு இறங்கவில்லை. பூவம்மா பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்கு எதற்குப் பழைய பாய் என்று கேட்க வாய் வந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் மழை பிடித்தது. சுவா சூ காங் மழை, பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் நின்று பார்த்தேன். என் குழாய்மேல் மழை சாதாரணமாக வழிந்து போனது. ஆனால் பாய்லருக்குப் பின்னால், செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம், தரையோரமாகப் புகை கிளம்பியது. கிட்டப் போனேன். கட்டை விரல் கனத்தில் ஒரு குழாய். சட்டை இல்லை, கோவணம் இல்லை, அம்மணமாகக் கிடந்தது. மழைத்துளி பட்டதும் சீறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளி ஆட்களைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் நனைந்துகொண்டே அதன் பின்னால் நடந்தேன். அது நேராகப் போய்க் கமிட்டி அறைச் சுவருக்குள் நுழைந்தது.

மறுநாளே என்மேல் விசாரணை. அதுவும் அந்த அறையில்தான். அன்றுதான் முதல்முறை உள்ளே போனேன். இரண்டு விசிறி முழு வேகத்தில் ஓடியும் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. சுவரை ஒட்டிப் பதினொரு இரும்பு அலமாரி. ஒன்றின் பக்கம் போய்ப் புறங்கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்தேன்.

"இங்க இருக்குங்க சூடு," என்றேன்.

"அது சூடு அல்ல. ஆவணப் பாதுகாப்பு," என்றார் தனசேகரன்.

துரைக்கு மொழிபெயர்த்தார். துரை சந்தோஷப்பட்டார். யாரோ கடைசியில் அலமாரிகளைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷம். எழுந்து நின்று பேசினார். தனசேகரன் தமிழில் சொன்னார்.

"தலைவர் கூறுகிறார்: இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் பூசணம் பூத்துவிடும். கமிட்டி தொடங்கியபோது ஓர் அலமாரிதான் இருந்தது. அதன் அடியில் ஒரு சிறு நீராவிக் குழாயை விட்டோம். காகிதம் அப்பளம்போல் இருந்தது. பிறகு வெப்பம் சிறிது குறைவதாகத் தெரிந்தது. அதைப் பற்றி நீண்ட அறிக்கை எழுதினோம். அறிக்கையை வைக்க மூன்று அலமாரி தேவைப்பட்டது. அவற்றுக்கும் குழாய் விட்டோம். வெப்பம் மேலும் குறைந்தது. விடாமல் எழுதினோம். இன்று பதினொன்று. வெப்ப இழப்பைப் பற்றி இவ்வளவு உலர்ந்த காகிதங்கள் உலகில் வேறெங்கும் இல்லை."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். துரை அடக்கமாக உட்கார்ந்தார்.

"ஐயா," என்றேன், "நீங்க எழுத எழுதத்தானே கொறையுது?"

"எழுதாவிட்டால் குறைவது எப்படித் தெரியும்?" என்றார் தனசேகரன்.

எனக்குத் தலை சுற்றியது. அறைச் சூடாகவும் இருக்கலாம். "அப்ப இந்த அலமாரியில இருக்கறத நான் தொலைச்ச கணக்குலேருந்து எடுத்துடுங்க. என் கடுதாசியக் குடுங்க."

"அலமாரியில் இருப்பது எங்களுக்குத் தெரிந்து இருக்கிறது. தெரிந்து இருப்பது இழப்பாகாது. நீர் தொலைத்தது வேறு. இருபத்தெட்டாம் தேதிவரை அவகாசம் உண்டு, தேடும். அதற்கு அப்பால் உமக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இருக்குமா என்பதைக் கமிட்டி கூடி முடிவு செய்யும். பன்னிரண்டாவது அலமாரிக்குச் சொல்லியிருக்கிறோம்."

வெளியே வந்து ஸ்டோரில் உட்கார்ந்தேன். ஒலி முகம்மது கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பதினான்காம் நமூனாவை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார்.

"அண்ணே, இதுக்கு முதுகு இருக்கு. யாருமே பாக்கறதில்ல." விரலை வைத்துப் படித்தார். "'திரும்பக் கிடைத்த பொருள்.' கண்டெடுத்தவர் இடத்தைக் காட்டணும். ஸ்டோர்காரர் நேர்ல பாத்து, தன் பொறுப்புல எடுத்து, முத்திரை வைக்கணும். சொந்தக்காரர் வந்து, 'இது என்னிடம்தான் இருந்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மட்டும் முத்திரைய ஒடைக்கலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்ல பாக்கணுமே. வாங்க, காட்டுங்க."

செம்பருத்தி வேலிக்குப் பின்னால் போனோம். குழாய் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு இருந்தது. ஒலி முகம்மது அதைத் தொட்டார், கையை உதறினார், "பொருள் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினார். வால்வைத் திருகி மூடினார். கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்து இடுக்கியால் நசுக்கினார். நமூனாவில் சாப்பா குத்தினார். தேதி இருபத்தாறு.

மறுநாள் காலை கிணற்றுக்குள் தெர்மாமீட்டரை இறக்கி எடுத்தவர் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை இறக்கினார். நானூற்றிருபது. தனசேகரன் ஓடி வந்தார். பின்னாலேயே துரை வந்தார். போர்னியோவுக்கும் லண்டனுக்கும் தந்தி போனது. கமிட்டியின் இடைவிடாத உழைப்பால் இழப்பு தடுக்கப்பட்டது என்று பலகையில் ஒட்டினார்கள்.

மத்தியானம் அலமாரி ஆறிப்போனது தெரிந்தது. தனசேகரன் வேலிக்குப் பின்னால் போய் முத்திரையைப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு வந்தார்.

"யாரைக் கேட்டு மூடினீர்?"

"விதியக் கேட்டுங்க," என்றார் ஒலி முகம்மது. "தொறந்துடலாம், ஒண்ணும் கஷ்டமில்ல. இதோ இங்க ஒரு கையெழுத்து. 'காணாமல் போன சூடு என்னிடம்தான் இருந்தது.' நீங்க போடுறீங்களா, துரை போடுவாரா?"

தனசேகரன் பேனாவைத் திறந்தார். வாசித்தார். மூடினார். துரையிடம் கொண்டுபோனார். துரைக்குக் காது கேட்கவில்லை.

இன்றுவரை அந்தக் கையெழுத்தை யாரும் போடவில்லை. பதினொரு அலமாரியும் பூத்துப் பச்சையாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பூத்ததற்குக் காரணம் அறிய வேறொரு கமிட்டி போட்டார்களாம்.

பொருள் கிடைத்துவிட்டதால் எனக்குக் கடிதம் கொடுத்தாக வேண்டும். இருபத்தெட்டாம் தேதி காலை தனசேகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். இங்கிலீஷில் ஒன்று, அவர் தமிழாக்கியது ஒன்று. இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு ஆபீஸில் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். பாக்கியலட்சுமி என்று பலகை. தமிழ்க் கடிதத்தை முதலில் எடுத்தாள். பாதியில் உதட்டைக் கடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா, தப்பா ஏதும் இருக்கா? எனக்கு அவ்வளவா படிக்க வராது."

தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினாள். "'மேற்படி மருதப்பன் எங்களிடம் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். தீர விசாரித்ததில், இவரிடம் சூடு எதுவும் இல்லை என இதன்மூலம் சான்றளிக்கிறோம்.'" கடிதத்தைக் கீழே வைத்தாள். "என்னங்கய்யா, ஒரு மனுசருக்குச் சூடு சொரணை இல்லேன்னு யாராவது சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?"

"சரியாத்தாம்மா எழுதியிருக்காங்க," என்றேன். "இருந்திருந்தா அங்க இருவத்தாறு வருசம் இருந்திருப்பேனா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தில் சாப்பா குத்தினாள். சாவி, ஜன்னல் பக்கம் வெயில் விழுகிற இடத்தில் வெகுநேரமாகக் கிடந்திருக்க வேண்டும். கையில் வாங்கினேன். நன்றாகச் சுட்டது.

யாரும் பார்ப்பதற்குள் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.